பிரிந்து சேர்ந்த ராக் பேண்டை நேரில் பார்ப்பது எப்படி: குன்னூர் வர்க்கிக்காரரின் குறிப்புகள்

குன்னூரில் வர்க்கி, அதாவது மாவை மடித்து மடித்துச் சுடும் மொறுமொறு பண்டம், போடுவது என் தொழில். அப்பா கட்டிய விறகு அடுப்பு, அதே கடை. 2012 டிசம்பரில் பெங்களூருவில் ஒரு தடவை, 2025 மே 17ஆம் தேதி மும்பை மகாலட்சுமி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஒரு தடவை, கன்ஸ் அண்ட் ரோசஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டை நேரில் கேட்டிருக்கிறேன். பெயர் ஒன்றுதான். ஆனால் நான் பார்த்தது இரண்டு வேறு பேண்டுகள். அந்த வித்தியாசம் தெரிந்து கிளம்பினால் காசும் வீணாகாது, மனசும் நிறையும். கடைக்கு வரும் பையன்கள் "அண்ணா, எப்படிப் போனீங்க, எங்க தங்குனீங்க, அவ்வளவு நேரம் எப்படி நின்னீங்க" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மாவு பிசைந்துகொண்டே ஆளுக்குக் கொஞ்சமாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மேடையில் நிற்கப்போவது யார்?

டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். போஸ்டரில் பேண்டின் பெயரும் சின்னமும்தான் பெரிதாக இருக்கும். ஆட்களின் பெயர் இருக்காது. பெயரின் உரிமை ஒருவர் கையில் இருந்தால் போதும், அவர் வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அதே பெயரில் ஊர் ஊராகப் போகலாம். அது ஏமாற்று இல்லை. அவர்களும் நல்ல வாத்தியக்காரர்கள்தான். ஆனால் நீங்கள் எதைக் கேட்க ஆசைப்பட்டுப் போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கன்ஸ் அண்ட் ரோசஸ் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. 1987இல் முதல் ஆல்பம் வந்தபோது ஐந்து பேர்: பாட்டுக்கு ஆக்சல் ரோஸ், கிடாருக்கு ஸ்லாஷ், இன்னொரு கிடாருக்கு இஸ்ஸி ஸ்ட்ராட்லின், பேஸ் கிடாருக்கு டஃப் மக்கேகன், டிரம்ஸுக்கு ஸ்டீவன் ஆட்லர். 1990இல் ஆட்லரை நீக்கினார்கள். 1991இல் இஸ்ஸி போனார். 1996இல் ஸ்லாஷ், 1997இல் டஃப். ஆக, 2012இல் பெங்களூருவுக்கு வந்தபோது அந்த ஐவரில் ஆக்சல் மட்டும்தான் மிச்சம். 1990இல் சேர்ந்த கீபோர்டுக்காரர் டிஸ்ஸி ரீட் கூட இருந்தார். ஸ்லாஷ் இருந்த இடத்தை நிரப்ப மூன்று கிடார்க்காரர்கள். இதெல்லாம் தெரியாமல் போனேன் என்று சொல்ல மாட்டேன், தெரிந்துதான் போனேன். ஆனால் மனசு அதை ஏற்கவில்லை. முதல் ஒரு மணி நேரம், அங்கே இல்லாத ஒருவரையே தேடிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் நன்றாகத்தான் வாசித்தார்கள். நான்தான் அவர்களை ஒழுங்காகக் கேட்கவில்லை. அது எனக்கு இன்றும் வருத்தம்.

அதே 2012இல்தான் ஆக்சலிடம் பழைய ஆட்கள் சேர்வார்களா என்று கேட்டதற்கு, இந்த ஜென்மத்தில் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். 2016 ஏப்ரல் 1ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ட்ரூபடோர் என்ற சின்ன அரங்கில் ஆக்சல், ஸ்லாஷ், டஃப் மூவரும் ஒன்றாக ஏறினார்கள். அன்றைக்கே ஆக்சலுக்குக் கால் எலும்பு முறிந்தது. அடுத்த நிகழ்ச்சிகளில், ஃபூ ஃபைட்டர்ஸ் பேண்டின் டேவ் க்ரோல் கொடுத்த சிம்மாசனம் மாதிரியான நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அந்தச் சுற்றுப்பயணத்துக்கு, 'இந்த ஜென்மத்தில் இல்லை' என்ற அந்த வார்த்தையையே பெயராக வைத்தார்கள். 2019 வரை 158 நிகழ்ச்சிகள், 58.42 கோடி டாலர் வசூல். எனக்கு அந்தத் தொகையைவிட அந்தப் பெயர்தான் பெரிது. இருபது வருடம் முகம் கொடுத்துப் பேசாத ஆக்சலும் ஸ்லாஷும் திரும்ப ஒரே மேடையில் நிற்கிறார்கள். மும்பைக்கு நான் போனது அதைப் பார்க்கத்தான்.

சேர்ந்து வருவதிலும் பல வகை உண்டு. டீப் பர்ப்பிள் 1976இல் கலைந்து 1984இல் சேர்ந்தபோது, அவர்களுடைய புகழ்பெற்ற அணியின் ஐந்து பேரும் திரும்பி வந்தார்கள். ஆனால் கிடார்க்காரர் ரிச்சி பிளாக்மோர் 1993இல் மறுபடி போய்விட்டார். லெட் செப்பலினில் டிரம்ஸ் வாசித்த ஜான் பானம் 1980இல் இறந்துபோனார். 2007 டிசம்பர் 10ஆம் தேதி லண்டனில் மற்ற மூவரும் சேர்ந்தபோது, அவர் இடத்தில் அவருடைய மகன் ஜேசன் உட்கார்ந்தார். ஒரே ஒரு ராத்திரி, அவ்வளவுதான். பிளாக் சபாத்தின் அசல் நால்வரும் 2025 ஜூலை 5ஆம் தேதி தங்கள் சொந்த ஊரான பர்மிங்காமில் கடைசியாக ஒன்றுசேர்ந்தார்கள். ஜூலை 22ஆம் தேதி அவர்களுடைய பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார். நடுவில் பதினேழு நாள்.

ஆகவே அறிவிப்பு வந்ததும் மூன்று விஷயங்களைத் தேடிப் படியுங்கள். பழைய ஆட்களில் யார் யார் வருகிறார்கள், வராதவர் இடத்தில் யார், இவர்கள் ஏன் பிரிந்தார்கள். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் மேடையில் எந்த நிமிடத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லிக்கொடுக்கும். மும்பைக்கு வந்தபோது டிரம்ஸுக்கு அந்த வருடம்தான் சேர்ந்த ஐசக் கார்ப்பென்டர் இருந்தார். இஸ்ஸியும் இல்லை, ஆட்லரும் இல்லை. இந்தத் தடவை அதை மனசுக்குச் சொல்லி, ஒத்துக்கொண்ட பிறகுதான் கிளம்பினேன்.

டிக்கெட்

கோவையில் படிக்கும் என் மகள்தான், எனக்கும் தனக்கும் மும்பையில் இருக்கும் மச்சானுக்கும் சேர்த்து எடுத்தாள். எங்கள் தெருவில் மேகம் இறங்கினால் சிக்னலும் இறங்கிவிடும். அதனால் விற்பனை தொடங்கும் நேரத்தில் நல்ல இணைப்பு இருக்கும் ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். முதல் நாளே கணக்குத் தொடங்கி, கைப்பேசி எண்ணைச் சரிபார்த்து, பணம் கட்டும் வழியையும் பதிந்து வையுங்கள். மூன்று பேருக்கு எடுத்தால் யுபிஐயின் ஒரு நாள் வரம்பையும் வங்கியின் வரம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். "அப்பா, நீங்க பாட்டுக்கு அங்கிருந்து திறக்காதீங்க, ஒரே கணக்குல ரெண்டு பேர் நுழைஞ்சா வெளிய தள்ளிடும்" என்று சொன்னாள். நான் அடுப்புப் பக்கமே இருந்துகொண்டேன்.

தெரியாத ஆளிடம் வாங்காதீர்கள். ஒரே கியூஆர் படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பலாம், வாசலில் முதலில் ஸ்கேன் செய்தவருக்கு மட்டும்தான் கதவு திறக்கும். அப்புறம், மேடைக்கு ஒட்டிய விலை உயர்ந்த பகுதி கிடைக்கவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

மலையிலிருந்து இறங்குவது

மே மாதம் எங்களுக்குச் சீசன். ஊட்டியில் மலர்க்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்காட்சி, ரோடு முழுக்க வண்டி. வர்க்கி விற்பனைக்கு வருடத்திலேயே நல்ல நேரம் அதுதான். அந்த நேரத்தில் ஏழு நாள் கடையை விட்டுப் போவது லேசான முடிவு இல்லை. என் மனைவிதான், "முப்பது வருஷமா இதையேதான் சொல்லிக்கிட்டிருக்கீங்க, போய்ட்டு வாங்க, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்றாள். வீட்டில் ஒருவர் இப்படிச் சொல்லாமல் இந்தப் பயணம் நடக்காது. அதையும் ஏற்பாட்டில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

சீசனில் மலைப்பாதையை ஒருவழியாக மாற்றுவார்கள். மேலே வரும் வண்டிகள் பர்லியார் வழியாக வரும், இறங்குகிறவர்களைக் கோத்தகிரி வழியாக அனுப்புவார்கள். குன்னூர்க்காரருக்கு அது சுற்று. ரயிலோ விமானமோ, நாளைக்கு என்றால் இன்றைக்கே கோவை போய்ச் சேர்ந்துவிடுங்கள். காலையில் ஏழு மணி ரயிலுக்கு மூன்று மணிக்கு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வழியில் ஒரு லாரி திரும்ப முடியாமல் நின்றால் எல்லாம் போச்சு. திரும்பி வரும்போது கேரளப் பதிவு, கோவைப் பதிவு வண்டியில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் ஏற்பாடு இது. உள்ளூர் டிஎன் 43 வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

கோவையிலிருந்து மும்பைக்கு விமானத்தில் போனால் இரண்டு மணி நேரம்தான். நாங்கள் ரயிலில் போனோம். கோவையிலிருந்து லோக்மான்ய திலக் டெர்மினஸ் போகும் வண்டி, எங்கள் பக்கம் குர்லா எக்ஸ்பிரஸ் என்பார்கள். முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, பழைய 120 நாள் கணக்கை மறந்துவிடுங்கள். கான்சர்ட் டிக்கெட் உறுதியான அன்றைக்கே ரயிலையும் போட்டுவிடுங்கள். நிகழ்ச்சி சனிக்கிழமை. நாங்கள் புதன்கிழமை மலை இறங்கி, வியாழக்கிழமை ரயில் ஏறி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கினோம். முதல் நாளே போய்ச் சேர்வது முக்கியம். குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில்கூட எங்களுக்கு ராத்திரி போர்வை வேண்டும். சோலாப்பூர் தாண்டும்போது ஜன்னல் கம்பியைத் தொட முடியவில்லை. மும்பையில் இறங்கினால் வேறு விதமான சூடு, வியர்வை வழியுமே தவிரக் காயாது. உடம்புக்கு ஒரு ராத்திரியாவது கொடுத்தால்தான் மறுநாள் நிற்க முடியும்.

சயானில் இருக்கும் மச்சான் வீட்டில் தங்கினோம். உறவு இல்லாதவர்கள் மாதுங்கா பக்கம் அறை பாருங்கள். தமிழ் பேசுகிற ஆட்களும் இட்லி சாம்பாரும் கிடைக்கிற இடம், தாதருக்கு அடுத்த ஸ்டேஷன். தாதரில் இறங்கி வெஸ்டர்ன் லைன் மாறினால் மகாலட்சுமி மூன்றாவது ஸ்டேஷன்.

நிற்பது

இதில் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு. முப்பத்தைந்து வருடமாக அடுப்புக்கு முன்னால் நின்றே வேலை செய்கிறேன்.

நான்கு மணிக்கு உள்ளே போனால் பத்து மணிக்கு வெளியே வருகிறீர்கள். ஆறு மணி நேரம். அதற்காகப் புது ஷூ வாங்காதீர்கள். இரண்டு மாதம் போட்டுப் பழகிய ஷூ, கொஞ்சம் தடித்த பருத்தி சாக்ஸ். ஒரே காலில் சாய்ந்து நிற்காதீர்கள். பாதத்தை இடுப்பு அகலத்துக்கு வைத்து, முழங்காலைத் துளி தளர்த்தி, எடையை இந்தக் காலுக்கும் அந்தக் காலுக்கும் மாற்றிக்கொண்டே இருங்கள். கால் மணிக்கு ஒரு தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். கெண்டைக்கால் சதை அசைந்தால்தான் கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏறும். முன்னால் வாசிக்கும் பேண்டுக்கும் முக்கிய பேண்டுக்கும் நடுவில் இடைவேளை வரும், அப்போது கூச்சப்படாமல் தரையில் உட்காருங்கள். போவதற்கு மூன்று வாரம் முன்னாலிருந்து தினமும் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பூங்கா வரை ஏறி இறங்கினேன். அது போதுமானதாக இருந்தது.

கறுப்பு டிஷர்ட் எல்லோரும் போடுவார்கள், நானும் போட்டேன். ஆனால் மெல்லிய பருத்தியாகப் பாருங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குச் சோறு சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள். தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் நுழைவதற்கு முன் அரை லிட்டர் குடித்துவிடுங்கள், உள்ளே தண்ணீர் எங்கே என்று முதலில் பாருங்கள். பவர் பேங்க், பை, குடை எதை அனுமதிப்பார்கள் என்று டிக்கெட்டிலேயே போட்டிருக்கும். அதைப் படிக்காமல் போய், மச்சான் தன் தோள் பையைத் தெருவோரக் கடைக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தான்.

காது

இதை நிதானமாகப் படியுங்கள்.

வர்க்கி வெந்துவிட்டதா என்பதை நான் கண்ணால் பார்ப்பதில்லை. நிறம் ஏமாற்றும். விறகு அதிகமானால் மேலே சிவந்துவிடும், உள்ளே மடிப்பு பச்சையாகவே இருக்கும். தட்டை வெளியே இழுத்து, ஒன்றை எடுத்துக் காதுப் பக்கம் வைத்து விரலால் அழுத்துவேன். உள் மடிப்பு வரை வெந்திருந்தால் ஒரே சத்தமாக இல்லாமல் அடுக்கடுக்காக, சின்னச் சின்னதாக நொறுங்கும். காய்ந்த யூகலிப்டஸ் இலையை மிதித்த மாதிரி. பச்சையாக இருந்தால் ஒரு 'டப்'தான். அப்பா சொல்லிக்கொடுத்தது.

2012இல் பெங்களூருவில் ஸ்பீக்கர் அடுக்குக்கு நேர் எதிரே, இருபது அடியில் நின்றேன். காதில் எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மறுநாள் தட்டை இழுத்து, வர்க்கியைக் காதில் வைத்து அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. விரலில் நொறுங்குவது தெரிகிறது, காதில் 'ஙொய்' என்ற ஒற்றை ரீங்காரம்தான். மூன்று நாள் அப்படி இருந்தது. அந்த மூன்று நாளும் என் மனைவிதான் பக்கத்தில் நின்று "வெந்துடுச்சு", "இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொன்னாள். அந்தப் பயம் வேறு யாருக்கும் வர வேண்டாம்.

கணக்கு இதுதான். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடங்களுக்கான பாதுகாப்பு அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88க்கு நான்கு மணி நேரம், 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 97க்கு அரை மணி, 100க்குக் கால் மணி நேரம். ராக் கான்சர்ட்டில் 100ஐத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சத்தத்தில் நீங்கள் நிற்கப்போவதோ மூன்று மணி நேரம். உள்காதில் சத்தத்தை வாங்கும் மயிர்ச் செல்கள் மனிதனுக்கு ஒரு தடவை செத்தால் திரும்ப முளைக்காது.

மருந்துக் கடையில் நுரைப் பஞ்சு போன்ற இயர் பிளக் கிடைக்கும், விலை அதிகமில்லை. இசைக்காரர்களுக்கென்றே வடிகட்டி வைத்த இயர் பிளக்கும் உண்டு. அது எல்லாச் சுருதியையும் ஒரே அளவு குறைக்கும், அதனால் பாட்டு மங்காது. மூன்று பேருக்கும் அதை வாங்கினோம். நுரை வகை என்றால் வைக்கும் முறை முக்கியம். விரல்களுக்கு நடுவில் உருட்டி ஒல்லியாக்குங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், காது மடலை மேலேயும் பின்னாலேயும் இழுத்துப் பிடித்தால் துளை நேராகும். அப்போது உள்ளே விட்டு, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள், அது உப்பி அடைத்துக்கொள்ளும். உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி கேட்டால் சரியாக வைத்திருக்கிறீர்கள். மேடையில் விளக்கு அணைந்ததும் வைக்கலாம் என்று காத்திருக்காதீர்கள், அந்தப் பரபரப்பில் கை நடுங்கும். குழந்தைகளைக் கூட்டிப் போனால் காதை முழுக்க மூடும் இயர்மஃப்.

எங்கே நிற்பது

மைதானத்தின் நடுவில், மேடைக்கு எதிரே ஒரு கூடாரம் இருக்கும். சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸிங் கன்சோலோடு உட்காரும் இடம். குரல் எவ்வளவு, கிடார் எவ்வளவு என்று அவர் தன் காதுக்குக் கேட்பதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆகவே அந்தக் கூடாரத்துக்கு முன்னாலோ பக்கத்திலோ நின்றால், அவருக்குக் கேட்பதுதான் உங்களுக்கும் கேட்கும். மேடையை ஒட்டி நின்றால் முகம் தெரியும், ஆனால் டிரம்ஸும் அடித்தொனியும் மட்டும்தான் நெஞ்சில் மோதும், பாட்டின் சொற்கள் தலைக்கு மேலே போய்விடும். விலை குறைந்த பகுதியே பல நேரம் கூடாரத்தின் பக்கவாட்டில் வரும்.

ரொம்பப் பின்னால் போனால் இன்னொரு விஷயம். சத்தம் ஒரு நொடிக்கு 340 மீட்டர் அளவில்தான் வருகிறது. நூறு மீட்டர் பின்னால் நின்றால், டிரம்ஸில் குச்சி இறங்குவதைத் திரையில் பார்த்த பிறகுதான், ஒரு நொடியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கழித்து, அடி காதுக்கு வரும். அதைச் சரிக்கட்டத்தான் மைதானத்தின் நடுவில் தனியாக ஸ்பீக்கர் கோபுரங்கள் நிற்கும். மேடைச் சத்தம் வந்து சேரும் நேரத்துக்குப் பொருத்தமாக அவற்றைத் தாமதப்படுத்தி வைப்பார்கள். அந்தக் கோபுரத்துக்கு அடியிலேயே நிற்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்றால் தெளிவாகக் கேட்கும்.

எதைக் கேட்டுவிட்டுப் போவது

என்னுடைய முதல் கன்ஸ் அண்ட் ரோசஸ் கேசட் 1991இல் வந்தது. பக்கத்து ஊரான வெலிங்டனில் வேலையாக இருந்த ஒரு ராணுவ அதிகாரியின் மகன், மாற்றலாகிப் போகும்போது கடையில் கொடுத்துவிட்டுப் போனான். அடுப்புக்குப் பக்கத்து மாடத்தில் டேப் ரெக்கார்டர். ராத்திரி இரண்டரையிலிருந்து ஆறு வரை அது ஓடும். அடுப்புச் சூட்டில் டேப் இளகி நீண்டுவிட்டது போல, பாட்டெல்லாம் கொஞ்சம் மெதுவாக, அரைச் சுருதி கீழே இழுத்துக்கொண்டு கேட்கும். எனக்கு அது தெரியாது. அப்படித்தான் அந்தப் பாட்டு என்று பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். சிடியில் கேட்டபோது யாரோ துரத்துவது போல இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் மண்டைக்குள் ஓடும் பாட்டும் மேடையில் வரப்போகும் பாட்டும் ஒன்றாக இருக்காது. 2025 மே மாதத்தில் ஆக்சலுக்கு 63 வயது, டஃபுக்கு 61, ஸ்லாஷுக்கு 59. இருபத்தைந்து வயதில் பதிவு செய்த குரலை எதிர்பார்த்துப் போகக் கூடாது. வயதான பாடகர்கள் பல பேண்டுகளில் சுருதியை இறக்கிப் பாடுவார்கள், உச்சியில் இழுத்த இடத்தை வேறு விதமாகச் சுற்றி வருவார்கள். அதனால் போவதற்கு ஒரு மாதம் முன்னாலிருந்து ஆல்பத்தை நிறுத்திவிட்டு, அந்தச் சுற்றுப்பயணத்தில் வேறு ஊர்களில் பாடிய வீடியோக்களைக் கேளுங்கள். இன்றைய குரலுக்குக் காது பழகிவிடும். அந்தக் குரலிலும் தனி ருசி இருக்கிறது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், எந்தப் பாட்டுக்கு நடுவில் தண்ணீர் குடிக்கப் போகலாம் என்பதும் தெரிந்துவிடும். பாட்டுகளின் முழு வரிசையையும் மனப்பாடம் செய்யாதீர்கள், கொஞ்சம் ஆச்சரியம் மிஞ்சட்டும்.

ஸ்லாஷின் கிப்சன் லெஸ் பால் கிடார், மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் இரண்டும் சேர்ந்த சத்தம் எனக்குக் கேசட்டில் பழக்கம். வெந்த வெல்லப் பாகு மாதிரி, தடித்து, இழுபடும். மும்பையில் அது முதல் தடவை வந்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. இரண்டு தலைகளுக்கு நடுவில் தெரிந்த ஸ்லாஷின் உயரத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நீண்ட தனி வாசிப்பைத் தொடங்கியதும் ஆக்சல் நடு மேடையை விட்டு நகர்ந்து இருட்டுப் பக்கம் ஒதுங்கினார். வெளிச்சம் முழுக்கக் கிடார்க்காரர் மேல். இடம் விட்டுக் கொடுக்கிற அந்த நகர்வு ஆல்பத்தில் கேட்காது, திரையிலும் காட்ட மாட்டார்கள், கேமரா வாசிக்கிறவரின் விரலில் இருக்கும். பிரிந்து சேர்ந்த பேண்டைப் பார்க்கும்போது வாசிக்கிறவரைப் பாருங்கள், அதோடு அந்த நேரத்தில் வாசிக்காதவர் என்ன செய்கிறார் என்றும் பாருங்கள். மகள் என் கையைப் பிடித்து, "அப்பா, அழறீங்களா" என்றாள். ஆமாம் என்றேன்.

கைப்பேசியில் ஒரு பாட்டை எடுங்கள், போதும். எந்தப் பாட்டு என்று முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள். மிச்ச நேரம் பையிலேயே இருக்கட்டும்.

வெளியே வருவது

நம் நாட்டில் ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. அதனால் பெரிய மைதான நிகழ்ச்சிகள் பத்து மணியை ஒட்டி முடிந்துவிடும். கடைசிப் பாட்டை விட்டுவிட்டு முன்கூட்டியே ஓட வேண்டாம். மும்பை லோக்கல் ரயில் நள்ளிரவு தாண்டியும் ஓடும். கூட்டத்தோடு உடனே நெருக்கிக்கொண்டு வாசலுக்குப் போகாமல், இருபது நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். கூட வந்தவர்கள் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்பதை வெளிச்சத்திலேயே ஒரு மரத்தையோ கம்பத்தையோ காட்டிப் பேசி வையுங்கள், அந்த நேரத்தில் போன் கிடைக்காது. மகாலட்சுமி ஸ்டேஷனுக்கு நடந்தே போனோம். வழியெல்லாம் கறுப்புச் சட்டைகள், பாதிப் பேருக்குக் குரல் இல்லை.

அடுத்த நாள் காதுக்கு ஓய்வு கொடுங்கள். ஹெட்போன் வேண்டாம். ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் காது மருத்துவரைப் பாருங்கள், நான் 2012இல் செய்த மாதிரி மூன்று நாள் காத்திருக்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சயானில் எழுந்ததும், மச்சானுக்குக் கொண்டுபோன வர்க்கி டின்னைத் திறந்து ஒன்றை எடுத்துக் காதில் வைத்து அழுத்திப் பார்த்தேன். சத்தமே இல்லை. ஒரு நிமிடம் நெஞ்சு திக்கென்றது. அப்புறம் வாயில் போட்டுப் பார்த்தால், மும்பை ஈரத்தில் வர்க்கி நமத்துப் போயிருந்தது. ராத்திரி ரயில் ஏறி, செவ்வாய்க்கிழமை கோவையில் இறங்கி, மத்தியானம் வீடு வந்து சேர்ந்தோம். புதன்கிழமை விடிகாலை நாலேகாலுக்கு முதல் தட்டை இழுத்தேன். மனைவி பக்கத்தில் நின்றாள். ஒன்றை எடுத்து அழுத்தினேன். அடுக்கடுக்காக, ஒவ்வொரு மடிப்பும் தனியாக நொறுங்குவது கேட்டது. "வெந்துடுச்சு" என்றேன்.